கை நனைக்காத வீடு

கொஞ்சம் எந்திரி தாயி, சீட்டைத் தொடச்சுக்கிடுதேன். ஒம் பக்கமும் சேத்துத் தொடச்சிருதேன், இரு. பாத்தியா, துணி என்ன நெறத்துல வருதுன்னு! இந்த பஸ்ஸுல இதுமேலதான் சனம் உக்காந்து வருது. வடையத் தின்னுட்டு முன் சீட்டுக் கம்பியில கையத் தொடைக்கான் ஒருத்தன். சீ.

இப்ப உக்காரு. சங்கரன்கோவிலா? நானும் அங்கதான். வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு? பெயிண்டுக் கடையா! நல்லதாப் போச்சு. ஒங்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். ஒரு கதவுல ஒரு கறை, என்ன அடிச்சாலும் போக மாட்டேங்கு. இரு, மொட்டையாக் கேட்டா ஒனக்கு வெளங்காது. மொதல்லருந்து சொல்லுதேன்.

எம் பேரு சண்முகவடிவு. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணக் குடுக்கப் போறாகன்னா, மாப்பிள்ள வீடு பாக்க என்னத்தான் கூட்டிட்டுப் போவாக. "வடிவு பாத்துட்டான்னா ஓவர்சியரு பாத்த மாதிரி"ம்பாரு எங்க பெரியண்ணன். முப்பது வருசமாப் பாக்கேன், சும்மாவா. ஒனக்குத் தெரியும்லா, வீடு பாக்கப் போனா புடிச்சிருந்தாத்தான் அங்கன கை நனைக்கணும். எலையில உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டாச்சுன்னா சம்மதம்னு அர்த்தம். புடிக்கலன்னா காப்பியோட எந்திரிச்சு வந்திரணும். எங்க ஆளுக எல்லாரும் எம் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாக. நான் முந்தானைய இழுத்து இடுப்புல சொருவிட்டேன்னா ஒருத்தரும் கை நனைக்க மாட்டாக. அடுக்களையில இருபது பேருக்குச் சாம்பாரு கொதிக்கும். கொதிக்கட்டும், எனக்கென்ன?

வீடு பாக்கப் போறவ முன்கூடத்துப் பட்டாசல்ல நாற்காலியில உக்காந்து மின்விசிறியப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது தாயி. பட்டாசலு எல்லாவளும் நல்லாத்தான் வச்சிருப்பா. நான் போனவொடன "கால் கழுவணும்"பேன். பாத்ரூமக் காட்டித்தான ஆவணும்? அங்க தெரிஞ்சிரும் பாதி வண்டவாளம். வாளிக்கு அடியில கைய விட்டுப் பாக்கணும். வழவழன்னு இருந்தா அந்த வீட்டுல எவளும் குனிஞ்சு வேலை செய்யலன்னு அர்த்தம். அப்புறம் கேஸ் அடுப்புக்குப் பின்னால செவத்துல ஒரு வெரலு. சிங்க்குக்கு அடியில ஒரு பார்வை. பூவை வைக்க மாதிரி ஃபிரிட்ஜத் தொறந்து ஒரு மோப்பம். அவ்வளவுதான், சாதகமே பாக்க வேண்டாம்.

கோவில்பட்டியில ஒரு வீடு. மூணு மாடி. வாசல்லருந்து மொட்டை மாடி வரைக்கும் கிரானைட்டு. எங்க அக்கா மவ சுந்தரிக்குப் பாத்தோம். மாப்பிள்ள பேங்குல ஆபீசரு. எல்லாருக்கும் வாயெல்லாம் பல்லு. நான் பாத்ரூமுக்குப் போனேன். சோப்புல ஒரு முடி, இந்தா நீளத்துக்கு, சுருண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு! அதோட விட்டேனா? படுக்கை ரூம்புல புது விரிப்பு விரிச்சிருந்தா, நான் அதைத் தூக்கிட்டுத் தலகாணி உறையப் பாத்தேன். எண்ணெய் ஏறி, மஞ்சக் கட்டியா, தோலு மாதிரி இருக்கு. அதுல மொகத்த வச்சுத் தூங்குதானே, அவனுக்கா பொண்ணு? சொருவிட்டேன் முந்தானைய. சுந்தரிக்கு இப்ப நாப்பத்தொண்ணு. டீச்சரா இருக்கா. கல்யாணம் தெகையல. ஆனா எங்கயும் அழுக்குல கெடந்து சீரழியல, அது வரைக்கும் சந்தோசம். இப்பல்லாம் எங்கூடப் பேச மாட்டா. நல்லது செஞ்சா இந்தக் காலத்துல அப்பிடித்தான்.

இப்பிடிப் பதினோரு வீடு கழிச்சிருக்கேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, எம் மவனுக்குப் பொண்ணு பாக்கையில என்ன நடந்துச்சு தெரியுமா? என் வீட்டுக்கு வந்தவுக கை நனைக்காமப் போயிட்டாக. என் வீட்டுல! நீ வேணும்னா வந்து பாரு, தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம்.

மவன் பேரு சங்கரலிங்கம். முப்பத்தஞ்சு ஆவுது. மில்லு ஆபீசுல கணக்கெழுதுதான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. வெளிய போயிட்டு வந்தா வாசல் கொழாயில கால் கழுவி, பொறவாசல் வழியா வந்து, சட்டைய மாத்திட்டுத்தான் பட்டாசல்ல காலு வைப்பான். அப்பிடி வளத்திருக்கேன். ஏற்கெனவே மூணு எடம் தட்டிப் போச்சு. நாலாவதா தென்காசிலருந்து ஒரு எடம். பொண்ணு போட்டோவப் பாத்துட்டு இவன் வாயத் தொறந்து "சரி"ன்னான். மொத மொறையா "சரி"ன்னான் தாயி. ரெண்டு நாளு சோப்பு போடையில பாட்டு வேற பாடுனான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இது முடிஞ்சிரணும்னு சங்கரலிங்கசாமிக்கு வேண்டிக்கிட்டேன்.

பதினஞ்சு நாளு வேலை. வெள்ளையடிச்சேன். கதவு ஜன்னலுக்கெல்லாம் சந்தன நெறத்துல பெயிண்டு. கக்கூசு ஓட்டைக்குள்ள பல்லு வெளக்குற பிரஷ்ஷ விட்டுத் தேய்ச்சேன். மின்விசிறி றெக்கைய எறக்கி ரெண்டு பக்கமும் தொடச்சேன். மேல்தொட்டியில நானே எறங்கிக் கழுவுனேன், இந்த வயசுல. எல்லாம் ஆச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. எங்க வீட்டுக்காரவுக.

அவுகளுக்கு வாதம் வந்து மூணு வருசம் ஆவுது. வலது கை, வலது காலு ரெண்டும் வெளங்காது. பேச்சு போயிருச்சு, "ஏ... ஏ..."ன்னு ஒரு சத்தம் மட்டும். வாயில எப்பவும் எச்சி. சாப்பாட்டக் குடுத்தா பாதி நெஞ்சுல, பாதி தரையில. படுத்த எடத்துலயே எல்லாம். நீ மொகத்தச் சுளிக்காத, நான் ஒரு குறை வச்சது இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை தொடச்சு விடுவேன். வைத்தியரு குடுத்த தைலத்த ரெண்டு கைக்கும் காலுக்கும் சூடு பறக்கத் தேய்ப்பேன். இன்னைக்கு வரைக்கும் முதுகுல ஒரு புண்ணு கெடையாது, டாக்டரே கையெடுத்துக் கும்பிட்டாரு. ஆனா அதுக்காகப் பட்டாசல்ல போட்டு வைக்க முடியுமா? வாரவன் போறவன் மூக்கப் புடிக்கவா? பின்னால ஒரு ரூம்பு இருக்கு, அங்கதான் வச்சிருந்தேன். மொதல்ல கதவச் சும்மா சாத்தித்தான் வச்சேன். அவுக என்ன செஞ்சாக? தரையில தேய்ச்சுத் தேய்ச்சு நகந்து பட்டாசலு வரைக்கும் வந்துட்டாக. வந்த வழியெல்லாம் ஈரம். டைல்ஸு முழுக்க! அதுக்கப்புறந்தான் வெளிய ஒரு தாப்பா போட்டேன். உள்கைப்பிடியப் புடிச்சு ஆட்டி ஆட்டிச் சத்தம், அதையும் கழத்திட்டேன். சுச்சு உள்ள இருந்தா எச்சிக் கையோட தொட்டுக் கரண்டு அடிக்கும்னு வெளிய மாத்துனேன். எல்லாம் அவுக நல்லதுக்குத்தான்.

பொண்ணு வீட்டுக்காரவுக வாரதுக்கு நாலு நாளு முந்தி அவுகளக் கொண்டுபோயிக் கடையநல்லூர்ல அவுக தங்கச்சி வீட்டுல விட்டேன். ஆவுடைன்னு பேரு, எனக்கு நாத்தனா. நாலு நாளு வச்சுக்கோன்னேன். ரூம்பக் கழுவி, ஃபினாயில் ஊத்தி, கதவுக்கு உள்ளயும் வெளியயும் பெயிண்டு. நடுவுல ஒரு பொட்டுத் தூசி இல்ல.

வந்தாக ஏழு பேரு. அதுல பொண்ணோட சித்தி ஒருத்தி, லோகநாயகின்னு. பாத்தவொடனே தெரிஞ்சு போச்சு, அவதான் அவுக வீட்டுல வீடு பாக்கவ. எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னு இருந்துச்சு. வா தாயி வா, ஒனக்காகத்தான் பதினஞ்சு நாளு முதுகொடிஞ்சேன், பாரு, வெரல விட்டுப் பாருன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவ கால் கழுவக் கூடப் போவல. அடுப்புக்குப் பின்னால வெரல் வைக்கல. ஃபிரிட்ஜத் தொறக்கல. எனக்கு எரிச்சலாப் போச்சு. பாக்கத் தெரியாத பொம்பளயப் போயி அனுப்பியிருக்காகளேன்னு. சும்மா நடந்தா, ஒவ்வொரு ரூம்பு வாசல்லயும் நின்னா, நடந்தா. அந்தப் பின் ரூம்புக்கு வந்ததும் நின்னுட்டா.

"மதினி, இது யாரு ரூம்பு?"ன்னா.

"சாமான் போடுத ரூம்பு"ன்னேன்.

"சாமான் ஒண்ணும் இல்லியே."

"சுத்தம் பண்ணிருக்கேம்லா மதினி."

உள்ள போனா. ஜன்னல நான் பலகை வச்சு அடைச்சிருந்தேன், தெருவுல போறவுக எட்டிப் பாக்காகன்னு. அதைப் பாத்தா. "சுச்சு வெளிய இருக்கு"ன்னா. "ஆமா"ன்னேன். "தாப்பாவும் வெளிய இருக்கு"ன்னா. "சாமான் ரூம்புக்கு வெளியதான இருக்கும்"னேன். கதவ உள்பக்கம் திருப்பிப் பாத்தா. கைப்பிடி இருந்த எடத்துல நாலு ஆணி ஓட்டை. அப்புறம் பட்டுச் சீலையோட தரையில குத்தவச்சு உக்காந்தா தாயி. உக்காந்து, கதவுல இந்தா இவ்வளவு ஒசரத்துல, தன்னோட உள்ளங்கைய வச்சா. வச்சுக்கிட்டே இருந்தா. நான் என்ன நெனச்சேன், பெயிண்டு காஞ்சிருக்கான்னு பாக்கான்னு நெனச்சேன். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது, அங்கன ஒரு கறை. பெயிண்டுக்கு மேல வந்து நிக்கி. அஞ்சு வெரலும் தெரியுது. அவுகளுக்குத் தேய்ச்சு விட்ட தைலம்தான், உக்காந்து உக்காந்து இடது கையால தட்டித் தட்டி மரத்துக்குள்ள எறங்கிருக்கு.

அந்த நேரம் பாத்து, கேளு, சாக்கடை ஓட்டை வழியா ஒரு கரப்பான்! இவ்வளவு பெருசு. விறுவிறுன்னு அவ காலுகிட்ட ஓடுது. எனக்கு உசுரே போயிருச்சு. மிதிச்சுட்டேன். மிதிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. வெள்ளையா பிதுங்கி... சீ, வேண்டாம்.

அவ மெதுவா எந்திரிச்சா. "மாப்பிள்ளையோட அப்பா எங்க மதினி?"ன்னா. "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காக, திடீர்னு ஒரு சோலி"ன்னேன். "நடமாட முடியாதவுகன்னு தரகரு சொன்னாரே"ன்னா. "இப்ப பரவாயில்ல"ன்னேன். அவ பட்டாசலுக்கு வந்து அவுக அண்ணனப் பாத்தா. முந்தானையச் சொருவல, ஒண்ணும் செய்யல. "அண்ணே, மாப்பிள்ளையோட அப்பா இருக்கையில இன்னொரு நாளு வருவோம்"னா. ஏழு பேரும் எந்திரிச்சுட்டாக. எலை போட்டாச்சு தாயி! தண்ணி தெளிச்சாச்சு! எலையில உப்பு வச்சாச்சு! ஒருத்தரு கை நனைக்கல.

ஒரு கரப்பான். ஒத்தக் கரப்பான். அதுக்காக ஒரு சம்மந்தத்த முறிப்பாகளா? நானாவது வாளி, சோப்பு, தலகாணி எல்லாம் பாத்து ஞாயமாத்தான் கழிச்சேன். இவ ஒரு பூச்சியப் பாத்துட்டு எந்திரிச்சுட்டா. இப்பிடியும் ஒரு குரோதம் புடிச்ச பொம்பள இருப்பாளா?

லிங்கங்கிட்ட இதைச் சொன்னேன். "அந்தக் கரப்பான் மட்டும் வரலன்னா முடிஞ்சிருக்கும்லே"ன்னேன். அவன் என்னையே பாத்தான். "கரப்பானாம்மா?"ன்னான். அவ்வளவுதான். அன்னைக்கு எலையில உக்காரல. அவுகள நான் இன்னும் திருப்பிக் கூட்டிட்டு வரல, மறுநாள்லருந்து வேலை முடிஞ்சு நேரா அப்பாவப் பாக்கக் கடையநல்லூருக்குப் போயிருதான். அங்கதான் சாப்பாடு. அந்த வீட்டுல! போன வாரம் வாயத் தொறந்தான். "இனிமே யாரையும் வீடு பாக்கக் கூப்பிடாத. அப்பாவக் கூட்டிட்டு வந்து பட்டாசல்ல கட்டிலப் போட்டுப் படுக்க வையி. அதுக்கப்புறம் எவ வந்தாலும் பாக்கேன்"னான். பட்டாசல்ல! அந்த நாத்தத்துல எவன் பொண்ணு குடுப்பான்? அறிவு இருக்கா? இவனுக்கு முப்பத்தஞ்சு வயசு. இதையும் விட்டா ஆயுசுக்கும் தனிமரம்தான். அந்தப் பயத்துல எனக்கு ராத்திரி கண்ணு மூட மாட்டேங்கு.

அதான் அவங்கிட்டக் கூடச் சொல்லாம தரகரப் புடிச்சேன். வார வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துலருந்து ஒரு எடம் வாராக. தரகரு ஒண்ணு மட்டும் கண்டிசனாச் சொல்லிட்டாரு, இந்தத் தடவை அப்பா சபையில இருக்கணும்னு. சரி, ஒரு மணி நேரந்தான, சவரம் பண்ணி, வெள்ளை வேட்டியக் கட்டி, நாற்காலியில உக்கார வச்சு, வாயில ஒரு துண்டக் குடுத்து, வந்தவுக போனதும் பழையபடி பின்னால விட்டுரலாம்னு கணக்குப் போட்டேன். அவுகளக் கூட்டிட்டு வரத்தான் இன்னைக்குக் காலையில போனேன்.

ஆவுடை வீட்ட நீ பாக்கணுமே! நான் கல்யாணம் ஆயி வந்த நாள்லருந்து அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிச்சது இல்ல. வாசல்ல ஆட்டுப் புழுக்கை. கோழி உள்ள வருது, வெளிய போவுது, கேக்க நாதி இல்ல. வாசப்படிக்குப் பக்கத்துலயே கயித்துக் கட்டிலப் போட்டு அவுகள உக்கார வச்சிருக்கா, ஊரே பாக்கும்படியா. போறவன் வாரவன்லாம் "என்ன மாமா, சாப்பிட்டாச்சா?"ங்கான். அவுக இடது கையால பெசஞ்சு தின்னுக்கிட்டு இருக்காக. பாதி கீழ. கீழ விழுந்தத ஒரு பெட்டக்கோழி கட்டிலுக்கு அடியில நின்னு கொத்துது. அதைப் பாத்து அவுக சிரிக்காக தாயி. மூணு வருசத்துல நான் பாக்காத சிரிப்பு. சிரிக்கையில எச்சி ஒழுகுது. ஆவுடை வந்து தன் சீல முந்தியாலயே தொடைக்கா. அதே முந்தியால போயி அடுப்புல இருந்த சட்டியத் தூக்குதா.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்"னு சொல்லி கிட்டப் போனேன். சிரிப்பு நின்னு போச்சு. சோறு ஒட்டுன அந்த இடது கையாலயே கட்டில் சட்டத்தப் புடிச்சுக்கிட்டாக. இழுத்தேன். விட மாட்டேங்காக. ஒத்தக் கையில இம்புட்டு பெலம் எங்கருந்து வந்துச்சோ. எம் மூஞ்சியப் பாக்காம கோழியவே பாத்துக்கிட்டு இருந்தாக. ஆவுடைதான் வந்து, "விடுங்க மதினி, அண்ணன் இங்கயே இருக்கட்டும். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க"ன்னா. எலைய வேற போட்டுட்டா. நான் சிங்க்கப் பாத்தேன். சிங்க்கே இல்ல, கல்லு மேல பாத்திரம், பாத்திரத்து மேல ஈ. முந்தானையச் சொருவிட்டு வந்துட்டேன். காலையிலருந்து பட்டினிதான். இருந்துட்டுப் போவுது.

சரி, அந்தக் கதவு விசயம். அவுக வாராகளோ இல்லியோ, வெள்ளிக்கிழமை ஆளு வாரதுக்குள்ள அந்தக் கறை போகணும். அன்னைக்கே மறுபடி ரெண்டு கோட்டு அடிச்சேன். மூணாம் நாளு பழையபடி எட்டிப் பாக்கு. உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சேன், மண்ணெண்ணெய் வச்சுத் தொடச்சேன். ஒண்ணும் நடக்கல. முந்தாநேத்து மத்தியானம் ரூம்புக்குள்ள நின்னு தண்ணி ஊத்திக் கழுவுதேன், காத்து வந்து கதவப் படார்னு அடிச்சிருச்சு. தண்ணியில ஊறுன கதவு, போயி நெலையில எறுகிக்கிச்சு. இழுத்துத் தொறக்கணும்னா உள்ள கைப்பிடி இல்ல. கும்மிருட்டு, ஜன்னல்ல பலகை. சுச்சு வெளிய. லிங்கமேன்னு கூப்பிட்டேன், அவன் மில்லுல இருக்கான். பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டேன். அவளுக்கு எங்க கேக்கும்? அந்த ரூம்புலருந்து சத்தம் வெளிய போகாதுன்னுதான அவுகளுக்கு அதை ஒதுக்குனதே.

எம்புட்டு நேரம் நிக்க? முட்டு வலி எனக்கு. ஈரத் தரையிலயே உக்காந்துட்டேன். உக்காந்து கதவத் தட்டுனேன் தாயி. தட்டத் தட்ட, கை சரியா அந்தக் கறை மேலயே போயி விழுது. இருட்டுல தெரியல, ஆனா அந்த எடம் மட்டும் பிசுபிசுன்னு ஒட்டுதுல்லா. சீன்னு வேற எடத்துல தட்டிப் பாத்தேன். கொஞ்ச நேரத்துல மறுபடி அங்கயேதான் போவுது. உக்காந்து தட்டுனா அங்கதான் கை எட்டும் போல.

அன்னைக்கு அவன் என்னமோ கடையநல்லூர் போறதுக்கு முந்தி சட்டை மாத்த வந்தான். வந்துதான் ஒரே உதையில தொறந்தான். என்னப் பாத்தான். கைக் கெடியாரத்தப் பாத்தான். "நாலு மணி நேரம் இருக்கும்மா"ன்னான். போயிட்டான். எதுக்கு மணியச் சொன்னான்னு அன்னைக்குலருந்து யோசிக்கேன், வெளங்கல.

போனதும் மொத வேலையா அந்தக் கைய சோப்புப் போட்டுக் கழுவுனேன். சாம்பலப் போட்டுத் தேய்ச்சேன். புளியப் போட்டுத் தேய்ச்சேன். ரெண்டு நாளா சோத்துல கைய வச்சா அந்தத் தைல வாசம்தான் வருது.

இப்ப சொல்லு. ஒங்க கடையில அதுக்கு மருந்து இருக்கா? மரத்துக்குள்ள எறங்குன எண்ணெய்க் கறை, எதை அடிச்சா மறையும்? வெள்ளிக்கிழமைக்குள்ள காயணும்.

என்ன தாயி? ஏன் அந்தப் பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போற? ஒம் பக்கமும் நாந்தான தொடச்சு விட்டேன்? இந்தா, எங் கைய மோந்து பாரு. சோப்பு வாசந்தான வருது? நல்லா மோந்து பாத்துச் சொல்லு.